கல்யாணப் பத்திரிகை மாடுகள்

நான் கட்டிய சுவரில் ஆணி இறங்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். குமணன்சாவடியில் இறங்கி உள்ளே மூன்றாவது தெருவுக்கு வந்தால், மஞ்சள் கேட் போட்ட வீடு என்னுடையது. யார் வேண்டுமானாலும் வந்து சுவரைத் தட்டிப் பார்க்கலாம். கல்லைத் தட்டின மாதிரி விரல் வலிக்கும்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பன்னிரண்டு வயதில் சித்தாளாகச் செங்கல் சுமந்தேன். இருபதில் கொத்தனார், முப்பதில் மேஸ்திரி, அப்புறம் சொந்தக் காண்ட்ராக்ட். வானகரத்திலும் முகப்பேரிலும் நான் எழுப்பிய வீடுகளில் இன்றைக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். பெரிய படிப்புப் படித்த என்ஜினியர்கள், "மேஸ்திரி, இது தாங்குமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவார்கள். நான் கட்டிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு என்னைத் தேடி வந்து பத்திரிகை வைப்பார்கள். அந்தப் பத்திரிகைகளை ஒன்று விடாமல் ஒரு சாக்கில் போட்டுப் பரண்மேல் வைத்திருக்கிறேன். அந்தச் சாக்கு இந்தக் கதைக்குத் தேவைப்படும்.

என் வீட்டை மட்டும் நான் கூலிக்கு ஆள் வைத்துக் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், என் கையால், நான்கு வருஷம் கட்டினேன். பூச்சுக் கலவை சிமெண்டு ஒன்றுக்கு மணல் நான்கு. பதினைந்து நாள் வேளை தவறாமல் தண்ணீர் விட்டேன். மேலே வழுவழுப்புக்குப் பட்டி மாவு பூசி, தேய்த்து, வெள்ளை அடித்தால் தட்டில் ஊற்றிய பால் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் நானே ரோலர் பிடித்து அடிப்பேன்.

அதனால் ஒரு சட்டம் போட்டேன். இந்த வீட்டுச் சுவரில் ஆணி கூடாது, டேப் கூடாது, பொட்டு கூடாது, எண்ணெய்த் தலை சாய்க்கக் கூடாது. மாடியில் குடியிருக்கிற திருநெல்வேலித் தம்பி, ஐ.டி.யில் வேலை, மூன்று வருஷமாக நாள்காட்டியை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கிறான். காற்றடித்தால் ஜனவரி ஆகஸ்டாகிவிடும். என் வீட்டுக்காரி சாமி படம் மாட்ட ஆணி கேட்டாள். சாமிக்கு ஸ்லாப் போட்டுக் கொடுத்தேன், ஆணி கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட சுவர்தான் என் பேத்தியை இந்த வீட்டை விட்டு அனுப்பியது.

மகனும் மருமகளும் அப்போது எங்களோடுதான் இருந்தார்கள். இரண்டு பொங்கலுக்கு முன்னால், பேத்திக்கு நான்கு வயது. போகிக்கு முதல் நாள் அவளுடைய அறைக்கு வெள்ளை அடித்து முடித்து, குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன். கலர் காகிதத்தில் ஒரு சூரியனை வெட்டி, பசையைக் குழைத்து, என் ஈரச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். நான் இழுத்தேன். காகிதத்தோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் பட்டியும் உரிந்து வந்தது. கத்தினேன். அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினேன். பலமாக இல்லை. ஆனால் நான் செங்கல் பிடித்த கை. எனக்குப் பலம் இல்லாதது குழந்தைக்கு எப்படியோ. என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கத்துகிறவனுக்கு அது ஞாபகம் இருப்பதில்லை.

அடுத்த மாதமே முகப்பேரில் ஃப்ளாட் பார்த்துப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் பக்கம் என்றார்கள். பள்ளிக்கூடம் பக்கம்தான், பொய் இல்லை. நானும் அதையே எல்லோரிடமும் சொன்னேன். அதன் பிறகு நாள் கிழமைக்கு வருவார்கள், ஒரு மணி நேரம் இருப்பார்கள். குழந்தை அவள் அம்மா மடியை விட்டு இறங்க மாட்டாள். உரிந்த இடத்தை நான் பட்டி பார்த்து, எங்கே உரிந்தது என்று தெரியாதபடி சரி செய்துவிட்டேன். அந்த அறைச் சுவர் இரண்டு வருஷமாக மிகச் சுத்தமாக இருந்தது.

இந்த வருஷம் பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மகன் போன் செய்தான்.

"நைனா, பாப்பாவுக்கு லீவு உட்டுட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் போகி அன்னிக்கி ஆபீஸ் கீது. பாப்பாவ அங்க உடட்டா?"

"இன்னாடா கேள்வி? உன் ஊடு."

அவன் அதோடு விடவில்லை. பிறகு சொன்னான். "அவளுக்குப் புடிக்கணும் நைனா. காலைல உடறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து அவளையே கேப்பேன். இருக்கேன்னு சொன்னா காணும் பொங்கல் வரைக்கும் இருக்கட்டும். வரேன்னு சொன்னா இட்டுகினு போயிடுவேன். அழ வெச்சிட்டுலாம் போவ மாட்டேன்."

அதாவது, காலையிலிருந்து ஆறு மணி வரைக்கும் எனக்குத் தவணை. எத்தனையோ பேருக்குத் தேதி சொல்லி வேலை முடித்துக் கொடுத்தவன் நான். இந்தத் தவணைக்குப் பயந்தேன்.

என் வீட்டுக்காரி அறைக் கதவைத் திறந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னாயா இது, ஆஸ்பத்திரி மாதிரி கீது? கொயந்த வந்தா இன்னாத்தப் பாக்கும்? உன் சுவத்தையா?"

"அலங்காரம் பண்ணிட்டாப் போச்சி."

"யாரு, நீயா?"

"பின்ன? வானகரத்துல மூணு மாடி..."

"மூணு மாடி கட்னே. தெர்யும். ஒரு காகிதப் பூ கட்னியா?"

கட்டினேன். மூன்று நாள். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஆறு நிறத்தில் காற்றாடிக் காகிதம் வாங்கினேன். மைதா மாவில் பசை காய்ச்சித் தரச் சொன்னேன். பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று அவள் அதில் மஞ்சள் தூள் போட்டுவிட்டாள். காகிதத்தை விரல் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டி, வளையம் வளையமாக ஒட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துச் சங்கிலி. செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி, கத்தரிப்பூ நிறம் அடித்து, கணுவுக்குக் கணு நூல் சுற்றி, உச்சியில் பச்சைக் காகிதத் தோகை வைத்தால் கரும்பு. இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. கம்பி கட்டத் தெரிந்தவனுக்குக் காகிதம் கட்டத் தெரியும்.

பொங்கல் என்றால் மாடு வேண்டும். மாடு வெட்டக் கெட்டியான அட்டை வேண்டும். அப்போதுதான் பரண்மேல் இருந்த சாக்கு ஞாபகம் வந்தது. இறக்கிக் கொட்டினேன். சந்தன நிறம், ரோஸ், அரக்கு. ஓரமெல்லாம் தங்க ரேக்கு. எத்தனை பெரிய மனிதர்கள் என்னை அழைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில் பாதி மத்தியானம் போய்விட்டது.

"போகிக்குக் கொளுத்தலாம்னு நெனச்சிகினு கீறேன். நீ இன்னாடான்னா கொஞ்சிகினு கீறே," என்றாள் அவள்.

எனக்கு மாடு வரையத் தெரியாது. ஆனால் மாடு என்றால் என்ன? ஒரு செவ்வகம், கீழே நான்கு தூண், முன்னால் சன்ஷேடு மாதிரி ஒரு தலை. தங்க ஓரத்தை வெட்டிக் கொம்பு ஒட்டினேன். பத்து மாடு. அச்சடித்த எழுத்து அங்கங்கே அப்படியே நின்றது. ஒரு மாட்டின் வயிற்றில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று இருந்தது. ஒரு சின்னக் கன்றுக்குட்டியின் முதுகில் 'அன்பளிப்பு தவிர்க்கவும்'.

சுவரைத் தொடாமல் எப்படிக் கட்டுவது? அங்கேதான் அனுபவம். ஜன்னல் கம்பியின் உச்சியிலிருந்து பரண் பலகைக்கு, பரணிலிருந்து கதவு நிலையின் திரைக் கொக்கிக்கு என்று அறையைச் சுற்றி நைலான் நூல் இழுத்தேன். கதவுக்கு மேலே ஓடுகிற கான்கிரீட்டுக்கு லிண்டல் என்று பெயர், தரையிலிருந்து ஏழு அடி. எங்கள் தொழிலில் எல்லா அளவும் அந்த லிண்டல் மட்டத்திலிருந்துதான். நூலும் அந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று, மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் வீட்டுக்காரியிடம் கொடுத்து நாலு மூலையும் சரி பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து. ஏத்துமே. ஆங், நிறுத்து."

"மாட்டுக்கு இன்னாத்துக்குயா மட்டம்?" என்றாள், கை வலியோடு.

"மட்டம் இல்லாத தோரணம் பாக்கவே கண்ணு கூசும்."

கரும்பை ஜன்னலின் இரண்டு பக்கமும் உயரத் தூக்கிக் கட்டினேன். சங்கிலி, மாடு, சங்கிலி, மாடு. தூரத்தில் நின்று பார்த்தேன். ஒரு நூல் ஏற்ற இறக்கம் கிடையாது. அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் எந்தக் குழந்தையின் அறையிலும் இப்படி ஒரு வேலை இருக்காது என்று அவளிடம் சொன்னேன். சூரியன் ஒன்று மட்டும் மிச்சம். சிவப்புப் பத்திரிகையில் வட்டம் வெட்டி, மஞ்சள் காகிதத்தில் கதிர் வைத்து அழகாகச் செய்திருந்தேன். நூலில் தொங்கவிட்டால் காற்றில் சுற்றிச் சுற்றி முதுகைக் காட்டியது. அதை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

போகி அன்று தெரு முழுக்கப் புகை. சின்ன மேளங்களைப் போட்டு அடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்கள். பத்து மணிக்கு மகன் பைக்கில் வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "ஆறு மணி, நைனா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பேத்தி முதுகுப் பையோடு உள்ளே வந்தாள். உயர்ந்திருந்தாள். ஆறு வயதுக்கு நல்ல உயரம், எங்கள் வம்சம். இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டு, கூடத்தின் நட்டநடுவே நடந்து வந்தாள்.

"இன்னா பாப்பா, பின்னாடி இன்னா ஒளிச்சி வெச்சிகினு கீற? தாத்தாவுக்கு முட்டாயா?"

அவள் திரும்பி முதுகைக் காட்டினாள். பையின் கீழே இரண்டு கையும் விரலோடு விரல் கோத்து இருந்தன. ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்ல தாத்தா," என்றாள். "இந்த வீட்ல இப்படித்தான நடக்கணும்?"

"யாரு சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க. கையப் பின்னாடி கட்டிட்டு நட, சுவத்தத் தொடாதன்னு."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. பள்ளிக்கூடத்தில் ஷூவைக் கழற்றி வைக்க வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னாள். என் வீட்டுக்காரி என்னைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள். என்ன கத்தினேன் என்பது இரண்டு வருஷம் கழித்து எனக்குத் தெரிய வந்தது. நான் மறந்ததை ஒரு குழந்தை ஒரு நாளும் மறக்காமல் கடைப்பிடித்திருக்கிறது.

பேச்சை மாற்றலாம் என்று, "வா, உன் ரூமைப் பாரு," என்று கதவைத் திறந்தேன். என் வேலை என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன். எப்போதும் காப்பாற்றியிருக்கிறது.

அவள் உள்ளே போய் நின்றாள். நேராகப் பார்த்தாள். நேரே வெள்ளைச் சுவர். இந்தப் பக்கம் பார்த்தாள், வெள்ளைச் சுவர்.

"மேல பாரு, மேல."

கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். "ஏதோ தொங்குது."

"மாடு."

"மாடா?" என்று கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு, விருந்துக்குப் போன வீட்டில் பேசுகிற மாதிரி, "நல்லா இருக்கு தாத்தா," என்றாள். கட்டில் நடுவில், எந்தச் சுவரும் எட்டாத இடமாகப் பார்த்து ஏறி உட்கார்ந்தாள். "அப்பா எப்ப வருவாங்க?"

"ஆறு மணிக்கு."

"அதுக்கு எவ்ளோ நேரம் இருக்கு?"

நான் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை; சுவரைப் பிடித்துத்தான் இறங்கினேன். என் தலை அவள் நின்ற உயரத்துக்கு வந்தது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தேன்.

மாடே இல்லை. தட்டை அட்டையைக் கீழேயிருந்து பார்த்தால் என்ன தெரியும்? பத்துக் கோடு தெரிந்தது. தங்கக் கொம்பு தெரியவில்லை, எழுத்து தெரியவில்லை. சங்கிலியின் அடிவயிறும் என் முடிச்சுகளும்தான் தெரிந்தன. மூன்று நாள் டியூப் பிடித்து, ஏழு அடி உயரமுள்ள ஒரு குழந்தைக்கு அறை அலங்கரித்திருக்கிறேன்.

இத்தனை வீடு கட்டியிருக்கிறேனே, ஜன்னல் எவ்வளவு உயரம், சுவிட்சு எவ்வளவு உயரம், பரண் எவ்வளவு உயரம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எல்லாம் ஆள் மட்டம். பிள்ளை மட்டம் என்று ஒன்றை எந்த என்ஜினியரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கத்தரிக்கோலை எடுத்து நூலை அறுத்தேன். சங்கிலி, மாடு, கரும்பு எல்லாம் தரையில் வந்து விழுந்தன. குழந்தை பயந்துவிட்டாள். "நல்லாத்தான் தாத்தா இருந்திச்சி!"

"உனுக்குத் தெர்லயே. இப்ப நீ சொல்லு. எங்க கட்லாம்?"

அவள் கட்டிலிலிருந்து இறங்கினாள். கை தானாகப் பின்னால் போனது. அறையைச் சுற்றிப் பார்த்து, முகவாயால் ஒரு இடத்தைக் காட்டினாள். "அங்க."

"எங்க?"

"அங்க," என்று மறுபடியும் முகவாய்.

"கையால காட்டேன் கண்ணு."

"கை சுவத்துல பட்டுடும் தாத்தா."

நான் எழுந்து போய் என் வேலைப் பையை எடுத்து வந்தேன். சுத்தியலை எடுத்தேன். பலகை அடிக்கிற இரண்டங்குல ஆணி ஒரு பிடி இருந்தது. அவள் காட்டிய இடத்தில், அவளுடைய தலை உயரத்தில் ஒன்றை வைத்து, கண்ணை மூடாமல் ஓங்கி அடித்தேன்.

ஆணி வளைந்தது.

இன்னொன்று வைத்தேன். அதுவும் வளைந்தது. மூன்றாவது ஆணி எகிறி, என் காதைத் தொட்டுக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. பின்னாலிருந்து ஒரு சத்தம். திரும்பினால், பேத்தி வாயை மூட முடியாமல் சிரிக்கிறாள். கை பின்னால் கோத்திருப்பதால் வாயை மூட வழியில்லை.

"சுவரு உங்கள அடிக்குது தாத்தா!"

"நான் கட்னதாச்சே. சொம்மா உடுமா?"

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "யோவ், இன்னாயா இடிக்கிற?"

"ஆணி அடிக்கிறேன்."

என் வீட்டுக்காரி கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். "இன்னா அடிக்கிறே?"

"ஆணி."

"சாமிக்கே ஆணி குடுக்காத ஆளு. ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பேத்தி மறுபடியும் சிரித்தாள்.

பையின் அடியில் நாலைந்து கான்கிரீட் ஆணி கிடந்தது. அதுதான் என் சுவருக்குச் சரியான ஜோடி. முதல் அடியில் பொறி பறந்தது. இரண்டாவது அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பட்டி தெறித்து விழுந்தது. என் பல்லில் ஒன்றைப் பிடுங்கினது போல இருந்தது, மறைக்கவில்லை. நான்காவது அடியில் ஆணி நின்றது. எதிர்ச்சுவரில் இன்னொன்று. நடுவில் நூல் இழுத்தேன். டியூப் எடுக்கவில்லை.

ஆறு மாடுகளை அதில் தொங்கவிட்டோம். அவள் மூக்குக்கு நேராக மாடுகள் வரிசையாக நின்றன. இப்போது கொம்பு மின்னியது. எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தாள். கன்றுக்குட்டியிடம் வந்ததும், "அன்... பளிப்பு... தவிர்க்கவும். அப்படின்னா என்ன தாத்தா?"

"துட்டு குடுக்காதீங்கன்னு அர்த்தம்."

"மாடு துட்டு கேக்குமா?"

"அதான் வேணாம்னு சொல்லுதே. நல்ல மாடு."

கடைசியில் மேஜைமேல் இருந்த சூரியனைப் பார்த்தாள். பக்கத்தில் பசைக் கிண்ணம். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்ததும் ஒரு சூரியன்தான். இருவருக்கும் தெரியும்.

"இத ஒட்டத்தான் ஒட்டணும்," என்றேன். "நான் பசை தடவித் தரேன். நீ சுவத்துல வெச்சிப் புடி. நான் தள்ளி நின்னு பாத்துச் சொல்றேன். ஒரு ஆளு ரெண்டும் செய்ய முடியாது."

இது உண்மை. எங்கள் தொழிலில் பிடிக்கிறவர் ஒருவர், பார்க்கிறவர் ஒருவர்.

அவள் யோசித்தாள். பின்னால் கோத்திருந்த விரல்கள் பிரிவதை நான் பார்க்கவில்லை. கை முன்னால் வந்ததைத்தான் பார்த்தேன். சூரியனை வாங்கி, பூனை நடை நடந்து போய், சுவரில் வைத்தாள். ஈரக் காகிதம் நழுவியது. சட்டென்று இன்னொரு கையை ஊன்றினாள். அந்தக் கை முழுக்கப் பசை. சூரியனுக்கு வெளியே, வெள்ளைச் சுவரில், ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்தது.

அவள் சுவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கை உடனே முதுகுக்குப் போய்விட்டது.

இதையும் சொல்லத்தான் வேண்டும். என் தோளில் கிடந்த துண்டு என் கைக்கு வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை, அதுவே வந்தது. ஐம்பது வருஷப் பழக்கம், கறை கண்டால் துண்டு கைக்கு வரும். அவள் துண்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வேறு வழி தெரியாமல் அதை எடுத்து என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். துடைக்கவும் வேண்டியிருந்தது.

"இன்னாத்துக்குக் கைய எட்த்துட்ட? சூரியன் எறங்குது பாரு. அமுத்திப் புடி," என்றேன். "சுவரு ஒண்ணும் இடிஞ்சி வியாது. தாத்தா கட்னது."

"திட்ட மாட்டீங்களா?"

"திட்டினா நீயும் திட்டு."

"தாத்தாவத் திட்டலாமா?"

"இந்த ஊட்ல இனிமே திட்லாம். புதுச் சட்டம்."

அவள் இரண்டு கையாலும் அமுத்தினாள். நான் தள்ளி நின்று பார்த்து, "எடது பக்கம் எறங்கிக் கீது, கொஞ்சம் ஏத்து," என்றேன்.

"இல்ல, இப்படித்தான். சூரியன் இப்பத்தான மேல வருது," என்றாள்.

அறுபத்தெட்டு வயதில் என் மட்டத்தைத் தப்பு என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். ஒப்புக்கொண்டேன்.

அப்போது மாடித் தம்பி படியிறங்கி வந்து வாசலில் எட்டிப் பார்த்தான். கையில் நாள்காட்டி. "என்ன அண்ணாச்சி, ஆணி அடிக்க சத்தம் கேக்கு? எங்க வீட்டுல இருந்தா, உங்க வீட்டுல இருந்தான்னு பயந்துபோய் வந்தேன்."

"என் ஊட்லதான்."

"அப்ப சட்டம் மாறிட்டுன்னு சொல்லுங்க."

"கொயந்தைக்கு மட்டும்."

"நானும் சின்னப் பையந்தான் அண்ணாச்சி. எங்கம்மா இன்னும் அப்படித்தான் சொல்லுதாங்க."

பேத்தி கான்கிரீட் ஆணி ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். "இந்தாங்க அங்கிள். இது வளையாது." என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்தாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஆறு மணிக்குப் பைக் சத்தம் கேட்டது. காலையிலிருந்து நான் மறந்திருந்த தவணை வந்துவிட்டது. மகன் அறை வாசலில் வந்து நின்றான். தரையெல்லாம் காகிதம். சுவரில் இப்போது சூரியன் மட்டும் இல்லை. இரண்டு கரும்பு, சங்கிலி, நாலைந்து கை. அவன் உள்ளே போய், சுவரில் நின்ற ஆணியை விரலால் ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

"எட்டாவது படிக்கசொல்ல ஓட்டப்பந்தயத்துல ஒரு சர்டிபிகேட்டு வாங்கினேன். ஞாபகம் கீதா நைனா? கண்ணாடி போட்டு எட்த்துகினு வந்தேன்."

ஞாபகம் இருந்தது. பீரோவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னது நான்தான்.

"எனுக்கு ஒரு ஆணி குடுத்தியா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். சுத்தியலை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, மேஜைமேல் வைத்தான். பிறகு மகளிடம் குனிந்தான்.

"போலாமா பாப்பா?"

அவள் பசைக் கையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். "இன்னும் நாலு மாடு இருக்குப்பா."

"சரி, அத முடிச்சிட்டுப் போலாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். "தாத்தா, நாலு மாடு ஒட்ட எவ்ளோ நாள் ஆகும்?"

என்னிடம் நிறையப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வேலைக்கும் நான் கூடுதல் நாள் சொன்னது கிடையாது. முகப்பேரில் என் பேச்சைக் கேட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிப்பார்கள். நான் மாடுகளைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், தலையைச் சொறிந்தேன்.

"பெரிய வேலை பாப்பா. காணும் பொங்கல் ஆயிடும்."

மகன் சத்தமாகச் சிரித்தான். "காண்ட்ராக்டர் புத்தி. இழுக்கிறாரு பாரு."

"அப்ப இருக்கேன்ப்பா," என்றாள் அவள், மாட்டை எடுத்துக்கொண்டே. அவ்வளவுதான். இதற்காகத்தான் ஐந்து நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அவன் கிளம்பும்போது அவள் கேட்வரைக்கும் ஓடினாள். ஓடுகிறபோது ஒரு கை கூடத்துச் சுவரைத் தேய்த்துக்கொண்டே போனது. கேட்டில் ஏறி நின்று டாட்டா காட்டினாள், இரண்டு கையாலும், காய்ந்த பசை பொடிப்பொடியாக உதிர.

இப்போது என் வீட்டில் பதினோரு ஆணி இருக்கிறது. குழந்தை அறையில் எட்டு, சாமிக்கு ஒன்று, மாடித் தம்பியின் நாள்காட்டிக்கு ஒன்று, கூடத்தில் ஓட்டப்பந்தயச் சர்டிபிகேட்டுக்கு ஒன்று. எல்லாம் நான் அடித்தது. வந்து ஆட்டிப் பாருங்கள், ஒன்றும் ஆடாது.